தோள் கொடுத்தவரும் தொழில் தொடங்கியவரும்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வணிகவியல் மாணவன் எழுதியது)

முன்னுரை

வணிகவியல் பயிலும் நாங்கள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்துவிடும் பாடம் ஒன்றுண்டு. உற்பத்திக் காரணிகள் நான்கு: நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு. இந்நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் தந்துவிட்டால் தேர்வில் மதிப்பெண் உறுதி.

ஆனால் எங்கள் வீட்டையொட்டிய கீற்றுக் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழும். அக்கொட்டகைதான் என் தந்தையாரின் தச்சுப் பட்டறை. அவர் தொழில் தொடங்கிய நாளில் அவரிடம் சொந்த நிலம் கிடையாது. கையில் பணமும் கிடையாது. இரண்டு கைகளும் ஒரு பை நிறைய இரவல் கருவிகளுமே இருந்தன. பாடநூலின்படி பார்த்தால் அத்தொழில் தொடங்கியே இருக்கக்கூடாது. ஆயினும் தொடங்கியது, எங்களை வளர்த்தது, என்னைக் கல்லூரிக்கும் அனுப்பியது. அப்படியானால் அந்த நான்கு காரணிகளுக்கு அப்பால் ஐந்தாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அது எது?

இக்கேள்விக்கு விடை தேட எனக்கு வழி திறந்தது புதுச்சேரித் தெரு ஒன்றில். தாழ்ப்பாளும் கீலும் வாங்குவதற்காகத் தந்தையாருடன் சென்றிருந்தேன். ஒரு கட்டடத்தின் எதிரே அவர் நின்றுவிட்டார். அதன் முகப்பு முழுவதும் கிடைமட்டமான நீண்ட தகடுகள், சன்னல் பலகைகளைப் போல அடுக்கடுக்காக அமைந்திருந்தன. “சுவரே இல்லாம வெறும் சன்னலாலேயே வீடு கட்டியிருக்கான் பாருடா! இதைக் கட்டினவனுக்கு மரவேலை தெரிஞ்சிருக்கணும்” என்றார். அக்கட்டடத்தின் பெயர் கோல்கொண்ட் என்று விசாரித்து அறிந்தேன். ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடிப் படித்தேன். தந்தையாரின் ஊகம் பொய்க்கவில்லை. அந்தக் கட்டடப் பணியை நேரில் நின்று கவனித்த கட்டடக்கலைஞர், பிற்காலத்தில் உலகம் போற்றும் தச்சராக விளங்கியவர். ஜார்ஜ் நகாஷிமா என்பது அவர் பெயர். அவர் தொழில் தொடங்கிய வரலாற்றிலே என் கேள்விக்கு விடை இருக்கக் கண்டேன். அதனை உடன் பயிலும் நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படிப்பும் பயணமும்

நகாஷிமா 1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். வாஷிங்டன் பல்கலைக் கழகத்தில் முதலில் வனவியல் பயின்றார். பின்னர் கட்டடக்கலைக்கு மாறினார். புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். அதன்பின் உலகைச் சுற்றப் புறப்பட்டவர் பாரிசில் சில காலம் தங்கி, 1934இல் ஜப்பான் சென்று சேர்ந்தார்.

அங்கேதான் அவர் தம் வழிகாட்டியைச் சந்திக்கிறார். அவ்வழிகாட்டி அன்டோனின் ரேமண்ட். 1888இல், இன்றைய செக் குடியரசைச் சேர்ந்த பொகீமியாவில் பிறந்தவர் ரேமண்ட். அமெரிக்கா சென்று, பிராங்க் லாயிட் ரைட் என்னும் பெரும் கட்டடக்கலைஞரிடம் பணியாற்றினார். டோக்கியோவில் ரைட் கட்டிய இம்பீரியல் ஓட்டலின் பணிக்காக 1919இல் ஜப்பான் சென்றவர், அங்கேயே தங்கிச் சொந்த அலுவலகம் அமைத்துக்கொண்டார். அந்த அலுவலகத்திலே நகாஷிமாவுக்கு வேலை கிடைத்தது. ஜப்பானிய மரக்கட்டடக் கலையின் நுட்பங்களை அவர் நெருங்கிக் கற்றது அப்போதுதான்.

புதுச்சேரியில் ஒப்படைத்த பொறுப்பு

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தினர் தங்குவதற்கு ஓர் இல்லம் அமைக்கும் பணி ரேமண்டிடம் வந்தது. ஐதராபாத் அரசின் நிதியுதவி அதற்குக் கிடைத்தது. வைரச் சுரங்கத்தால் பெயர்பெற்ற கோல்கொண்டாவின் பெயர் அந்த இல்லத்துக்கு வாய்த்ததும் அதனாலேயே. இப்பணிக்கென ரேமண்ட் அனுப்பி வைத்தது, முப்பது வயதை அப்போதுதான் கடந்திருந்த நகாஷிமாவை.

அது எளிய பணியன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரை ஊர். இரும்புக்கம்பி வலுவூட்டிய சிமெண்டுக் கட்டடம் இந்தியாவில் பரவலாகாத காலம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரமவாசிகள். கட்டடத் தொழில் பழகியவர்கள் அல்லர். கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைந்தன. வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் தகடுகளை வேண்டியபடி திருப்பிக்கொள்ளலாம். அறைக் கதவுகளுக்கோ தேக்குச் சட்டங்கள். காற்று கதவினூடே புகும். ஆனால் வெளியிலிருந்து உள்ளே பார்க்க இயலாது. மின்விசிறியின் துணையின்றியே அறை குளிர்ந்திருக்கும் ஏற்பாடு அது.

நகாஷிமா அங்கே ஊதியத்தையும் துறந்து ஆசிரமவாசியாகவே வாழ்ந்தார்; சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். கட்டடம் முடியுமுன்பே அவர் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். ஆயினும் அந்த ஈராண்டில் அவர் பெற்ற பயிற்சி பெரிது. வரைபடத்தில் இட்ட ஒரு கோடு, கல்லாகவும் மரமாகவும் மாறும் வரை உடனிருந்து பார்த்தார்.

இங்கே ரேமண்ட் தந்த முதல் உதவி என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். தம் பெயரில் எழும் கட்டடத்தை இளைஞர் ஒருவரின் கையில் ஒப்படைத்தார். கட்டடம் பழுதானால் பழி ரேமண்டுக்கே. அந்தத் துணிவே முதல் உதவி.

வேலை மாறிய காரணம்

ஜப்பான் வழியாக 1940இல் அமெரிக்கா திரும்பிய நகாஷிமா, அங்கே நடந்துகொண்டிருந்த புதிய கட்டடப் பணிகளைச் சென்று பார்த்தார். வரைந்தவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர், வேலைப்பாட்டில் ஒழுங்கில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை தம் கையிலேயே இருக்கும் ஒரு தொழில் வேண்டும் என்று எண்ணித் தச்சுத் தொழிலைத் தேர்ந்தார். சியாட்டில் நகரில் மேரிநோல் கத்தோலிக்கச் சபையினர் நடத்திய சிறுவர் மன்றத்தில் அவருக்குப் பட்டறை வைக்க இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு ஈடாக அவர் சிறுவர்களுக்கு மரவேலை கற்பித்தார்.

1941இல் மேரியன் என்னும் நங்கையை மணந்தார். தொழில் வேர்விடத் தொடங்கியது. ஆனால் அதற்குள் போர் வந்துவிட்டது.

முள்வேலிக்குள் ஓர் ஆசான்

1941 டிசம்பர் 7ஆம் நாள் பேர்ள் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. 1942 பிப்ரவரி 19ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணுள்ள ஆணையில் கையெழுத்திட்டார். அதன் விளைவாக, மேற்குக் கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலைவிட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூவரில் இருவர் அமெரிக்கக் குடிமக்கள். 1988இல்தான் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்க முடிவு செய்தது.

நகாஷிமாவும், மனைவியும், 1942இல் பிறந்த கைக்குழந்தை மீராவும் ஐடகோ மாநிலத்தின் வறண்ட நிலத்தில் அமைந்த மினிடோகா முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அப்போதுதான் முளைவிட்ட பட்டறை அதோடு மூடிற்று.

அந்த முகாமிலே கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சர் இருந்தார். தாய்நாட்டில் முறையாகத் தொழில் பழகியவர். பட்டங்கள் பெற்ற நகாஷிமா அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். முகாமின் வெற்று அறைகளை மனிதர் வாழத்தக்கவையாக ஆக்குவது அவர்களுடைய வேலை. மரம்? கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டுகளும் பாலைநிலப் புதர்களின் கட்டைகளுமே மரம்.

ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கும். இழைப்புளியையும் தம்மை நோக்கியே இழுப்பார்கள். நம் ஊரில் இழைப்புளியைத் தள்ளுகிறோம். ஆணியை நம்பாமல், ஒரு மரத்தில் துளையிட்டு, மறு மரத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி அதில் செருகும் முறையை நம் தச்சர்களும் அறிவர். ஜப்பானியர் அதைப் பல நூறு வகையாக வளர்த்திருக்கின்றனர். ஹிகோகாவாவிடம் நகாஷிமா கற்றவை இக்கருவிகளும் இணைப்புகளும் மட்டுமல்ல. ஒரு துண்டு மரத்தையும் வீணாக்காத பொறுமையையும் கற்றார்.

இந்தப் பகுதியைத் தந்தையாருக்கு நான் வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே உளி தீட்டிக்கொண்டிருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பெரிய படிப்பெல்லாம் படிச்சவன் வாத்தியாரைத் தேடிப் போனது பெரிசில்லடா. இருந்த இடத்திலேயே வாத்தியாரைக் கண்டுபிடிச்சான் பாரு, அதுதான் பெரிசு” என்றார்.

பிணை நின்றவர்

முகாமிலிருந்து வெளியேற ஒரு வழி இருந்தது. மேற்குக் கடற்கரைக்கு அப்பால் வேலையும், பொறுப்பேற்றுக்கொள்ள ஒருவரும் இருந்தால், அரசின் சோதனைக்குப் பின் விடுவிப்பார்கள். ‘எதிரி இனத்தவன்’ என்று அரசே முத்திரை குத்திய ஒருவருக்காக அந்நாளில் பொறுப்பேற்க யார் வருவார்?

ரேமண்ட் வந்தார். அவர் இதற்குள் ஜப்பானைவிட்டு அமெரிக்கா திரும்பி, பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ ஹோப் என்னும் ஊரருகே பண்ணை வாங்கியிருந்தார். அவருடைய பொறுப்பில் 1943இல் நகாஷிமா குடும்பம் விடுதலை பெற்று அப்பண்ணைக்கு வந்து சேர்ந்தது. கட்டடக்கலைஞராக அன்று, பண்ணையாளாகவே வந்தார். கோழி வளர்ப்புதான் வேலை. ஓய்ந்த நேரங்களில் மரவேலை.

மாணவ நண்பர்களே, இந்த இடத்தில் நாம் வணிகவியல் கண்கொண்டு பார்ப்போம். ரேமண்ட் தந்தது மூலதனமா? இல்லை. கடனா? இல்லை. பின் என்ன தந்தார்?

கணக்குப் பதிவியலில் ‘நற்பெயர்’ என்றொரு சொத்தைப் படிக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத சொத்து அது. பல ஆண்டு நாணயமாகத் தொழில் நடத்திய நிறுவனத்துக்கே வாய்க்கும். புதிதாகத் தொடங்குபவனின் ஏட்டில் அதன் மதிப்பு சுழியம். ஆனால் தொடங்குபவனுக்குத்தான் அது மிகவும் தேவை! மரம் கொடுக்கிறவர், வேலை கொடுக்கிறவர், இடம் கொடுக்கிறவர் எல்லாரும் முதலில் கேட்பது “யார் இவன்?” என்றுதான். அந்தக் கேள்விக்கு ரேமண்ட் “என் ஆள்” என்று விடையளிக்க முன்வந்தார். தாம் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த நற்பெயரை இரவலாகக் கொடுத்தார். பாடநூலில் இல்லாத ஐந்தாவது காரணி இதுவே என்பது என் கருத்து.

கழித்த மரமே முதல்

ரேமண்டின் பண்ணையில் நகாஷிமா நெடுநாள் தங்கவில்லை. அண்மையிலேயே தனியாகக் குடியமர்ந்து தொழிலைத் தொடங்கினார். மூன்று ஏக்கர் நிலத்தைப் பணம் கொடுத்து வாங்க வகையின்றி, தம் தச்சு உழைப்பை ஈடாகத் தந்து பெற்றார். கட்டட வேலை நடந்த காலத்தில் குடும்பம் கூடாரத்தில் வாழ்ந்தது. 1946இல் முதலில் எழுந்தது பட்டறை; அதன் பின்பே வீடு. தொழில் நடத்துவோர் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

நல்ல மரம் வாங்கப் பணமில்லை. எனவே பிறர் கழித்த பலகைகளை வாங்கினார். கணு விழுந்தவை, வெடித்தவை, ஓரம் கோணியவை. மற்றவர்கள் மரத்தின் ஓரத்தை நேராக அறுத்துத் தள்ளுவார்கள். அவர் மரம் வளர்ந்தபடியே ஓரத்தை விட்டுவைத்தார். நாங்கள் வெடிப்பைக் கண்டால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மெருகு பூசிவிடுவோம். அவர் வெடிப்பை மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போன்ற கட்டையொன்றைச் செதுக்கி, வெடிப்பின் குறுக்கே பதித்தார். இரு புறமும் அகன்று இடை சிறுத்த அக்கட்டையின் மரரேகை, வெடிப்புக்குக் குறுக்காக ஓடும். ஆகவே பலகை மேலும் பிளக்காமல் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது பழைய இணைப்புமுறைதான். ஆனால் மறைவில் இருந்ததை மேசையின் மேற்பரப்புக்கு அவர் கொண்டுவந்தார். வறுமையால் செய்தது நாளடைவில் அவருடைய அடையாளமாயிற்று. பிற்காலத்தில் செல்வர்கள் அந்த வெடிப்புக்காகவே காத்திருந்து வாங்கினர்.

ஆர்டர் வேலையின் இயல்பு

ஒருவர் சொல்ல, அவருக்கென்றே செய்து தருவது ஆர்டர் வேலை. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்து கடையில் அடுக்குவது வேறு. நகாஷிமா இவ்விரண்டையும் அறிந்தவர். நால் என்னும் பெரிய நிறுவனம் 1940களில் அவருடைய நாற்காலி, மேசை வடிவங்களை ஆலையில் செய்து விற்றது. எனினும் அதே பொருள்களைத் தம் பட்டறையில் செய்யும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆர்டர் வேலையே அவருடைய தொழிலின் உயிராக நீடித்தது.

அவருடைய நடைமுறையை இவ்வாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, மரக் கொள்முதல். மரத்தை அறுக்கும்போது ஆலையில் தாமே நின்று, எந்தப் பக்கம் அறுப்பது, எவ்வளவு கனம் என்று முடிவு செய்தார். ஒரு மரத்தின் பலகைகளைக் கலைக்காமல் அறுத்த வரிசையிலேயே அடுக்கிக் காயவைத்தார். அமெரிக்கக் கரு அக்ரூட் அவர் பெரிதும் விரும்பிய மரம்.

இரண்டாவது, வாடிக்கையாளர். அவர்கள் பட்டறைக்கே வந்து பேசினார்கள். தங்களுக்குரிய பலகையைப் பார்த்தார்கள். நகாஷிமா சிறு படம் வரைந்து காட்டுவார். வேலை முடிந்த மேசையின் அடியில், யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் பெயர் மையால் எழுதப்படும்.

மூன்றாவது, நிருவாகம். அலுவலகத்தையும் கணக்கையும் கவனித்துக்கொண்டவர் மேரியன் அம்மையார். கைத்திறம் மிக்க கணவருக்கு இணையாகக் கணக்குத் திறம் மிக்க மனைவி அமைந்ததும் அத்தொழில் நிலைத்ததற்கு ஒரு காரணம். இதனை வணிகவியல் மாணவர்கள் தனியே குறித்துக்கொள்ளலாம்.

நான்காவது, பட்டறையின் அளவு. புகழ் வளர்ந்தபோதும் அதனைப் பெரும் ஆலையாக்காமல், தேர்ந்த தச்சர்கள் சிலர் பணியாற்றும் அளவிலேயே வைத்துக்கொண்டார். 1973இல் நெல்சன் ராக்பெல்லர் தம் புதிய இல்லத்துக்காக 200க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஆர்டர் தந்தார். அவ்வளவு பெரிய வேலையையும் அந்தப் பட்டறையே செய்து முடித்தது.

1964இல் அவர் மீண்டும் இந்தியா வந்தார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அவருடைய வடிவங்கள் இந்திய மரத்தில் செய்யப்பட்டன. 1981இல் தம் அனுபவங்களை நூலாக எழுதினார். 1990இல் மறைந்தார். முகாமில் கைக்குழந்தையாக இருந்த மீராவே அவருக்குப் பின் பட்டறையின் பொறுப்பை ஏற்றார். 2014இல் அப்பட்டறை வளாகம் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வழிகாட்டி தந்ததும் தராததும்

ரேமண்ட் தந்தவை மூன்று: இளம் வயதில் பொறுப்பு, இடர் வந்தபோது பிணை, ஊன்றிக்கொள்ள ஓர் இடம். அவர் தராதவையும் மூன்று உண்டு. பணம் தரவில்லை. தம் பாணியைத் திணிக்கவில்லை. மாணவன் தனிவழி போகப் புறப்பட்டபோது தடை சொல்லவுமில்லை. சிறந்த கட்டடக்கலைஞர் ஒருவர், தாம் வளர்த்த கட்டடக்கலைஞன் தச்சனாகிப் போவதைக் கண்டு முகம் சுளித்திருக்கலாம். நம் வீடுகளில் நடப்பது அதுதானே?

வழிகாட்டியைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டியதில்லை. நகாஷிமாவை முகாமிலிருந்து மீட்ட அதே 1943இல்தான், யூடா மாநிலத்தின் டக்வே பாலையில், தீக்குண்டுகளைச் சோதிப்பதற்கென அமெரிக்கப் படை ஜப்பானிய வீடுகளைப் போன்ற மாதிரி வீடுகளை எழுப்பிற்று. அவ்வீடுகளை வடிவமைத்துத் தந்தவர் ரேமண்ட். பதினெட்டாண்டு தம்மை வாழவைத்த நாட்டின் வீடுகள் எப்படி எரியும் என்று அறிய அவர் அறிவு பயன்பட்டது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ஒரு கை ஒரு குடும்பத்தை மீட்டது, மறு கை அந்த மாதிரி வீடுகளை வரைந்தது. இதனைப் படித்தபோது எனக்கு மனம் கலங்கியது உண்மை. ஆயினும் செய்த உதவி உதவியே. நன்றி வேறு, கண்மூடிய வழிபாடு வேறு என்பதை இதனால் அறிந்துகொண்டேன்.

நகாஷிமா தம் நன்றியைச் செயலில் காட்டினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1984இல் பெரியதோர் அக்ரூட் மரம் அவருக்குக் கிடைத்தது. அதை அறுத்து, கண்டத்துக்கு ஒன்றாக அமைதிக்கான மேடைகள் செய்ய வேண்டும் என்று எண்ணினார். முதலாவது 1986இல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் அமைந்தது. ஆசியாவுக்கானது அவர் மறைவுக்குப் பின், 1996இல் நம் விழுப்புரம் மாவட்டத்து ஆரோவிலில் வந்து சேர்ந்தது. இளமையில் அவர் பொறுப்பேற்று நின்ற புதுச்சேரிக்கு மிக அருகில்!

முடிவுரை

இவற்றையெல்லாம் படித்து முடித்த ஒரு நாள், தந்தையாரிடம் நேராகவே கேட்டேன். “அப்பா, நீங்கள் தொழில் தொடங்கும்போது உங்களுக்காக யார் பேசினார்கள்?”

அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. பக்கத்து ஊர் மரவாடி முதலாளி ஒருவர், இரண்டு கதவுக்கு வேண்டிய தேக்கைக் கடனாகத் தந்து, “முதலில் செய், வித்த பிறகு கொடு” என்றாராம். அத்தோடு விடாமல், புதுவீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் தாமே அழைத்துச் சென்று, “பையன் வேலைக்கு நான் பொறுப்பு” என்றாராம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசையன்று, படைத்த பொரிகடலையில் முதல் பொட்டலத்தைத் தந்தையார் அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். வழக்கம் என்று நினைத்திருந்தேன். காரணம் இப்போது புரிந்தது.

இன்று தச்சர்களின் நிலைமை எளிதாக இல்லை. மரத்தூள் பலகையில் ஆலையில் செய்த அலமாரி, பெட்டியில் மடித்து வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. எங்கள் பட்டறைக்கு வரும் வேலை குறைந்துவிட்டது. “கருவியெல்லாம் வித்துட்டு எங்கேயாவது வேலைக்குப் போயிடலாமா?” என்று தந்தையாரே சென்ற ஆண்டு கேட்டார். பட்டம் பெற்ற பின் நான் அவரோடு பட்டறையில் இறங்கப்போகிறேன் என்றபோது உறவினர் சிரித்தனர். நண்பர்கள் சிலரும் சிரித்தனர். “உளி பிடிக்கவா பி.காம்.?” என்றனர்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். எங்கள் துறைப் பேராசிரியர். தம் வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரி வேண்டும் என்று கூறி, மதிப்பீட்டை என்னையே எழுதிவரச் சொன்னார். மரம், கூலி, மெருகு, வண்டிச் சத்தம் எல்லாம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தவர், “சேதாரம் எங்கே தம்பி?” என்றார். அறுப்பிலும் இழைப்பிலும் போகும் மரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை! “இப்படியே போனால் முதல் ஆர்டரிலேயே கையைக் கடிக்கும். திருத்தி எழுதிக்கொண்டு வா” என்று திருப்பித் தந்தார். மறுநாள் திருத்திக் கொடுத்தேன். தொகை கூடியிருந்தது. பேரம் பேசவில்லை, பாதியை முன்பணமாக எண்ணிக் கொடுத்தார். அலமாரி அவர் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அவருடைய நண்பர் இருவர் ஆர்டர் தந்திருக்கிறார்கள்.

அவர் எனக்குத் தந்தது அலமாரியின் விலை மட்டுமல்ல. தம் கூடத்தையும் அங்கே வருவோரிடத்தில் தமக்குள்ள நற்பெயரையும் தந்தார். ரேமண்ட் தந்ததும், மரவாடி முதலாளி தந்ததும் இதுதான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழில் தொடங்க விரும்பும் மாணவனுக்குப் பெரும்பொருள் தரவேண்டும் என்பதில்லை. அவன் கணக்கில் விட்டுப்போன சேதாரத்தைச் சுட்டிக்காட்டி, அவனுக்காக ஒருவரிடம் ஒரு சொல் சொன்னால் போதும். உடன் பயில்வோருக்கும் ஒன்று சொல்வேன். இரவல் வாங்கிய நற்பெயரைத் திருப்பித் தர வழியில்லை. கொடுத்தவர் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. நமக்கென ஒரு பெயர் வந்தபின் அதை வேறொருவனுக்கு இரவல் கொடுப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

அந்த நாள் எனக்கு வருமா என்று தெரியாது. வந்தால், அடுத்துத் தொடங்குபவனிடம் நான் கேட்கப்போகும் முதற்கேள்வி இப்போதே முடிவாகிவிட்டது: “சேதாரம் எங்கே தம்பி?”